சிங்கராஜ மழைக்காட்டோரத்தில் தவளையையும் தேரையையும் இனங்காண்பது எப்படி?

இலங்கையில் ஏறக்குறைய 120 வகைத் தவளைகளும் தேரைகளும் இருப்பதாக இதுவரை அறியப்பட்டுள்ளது. அவற்றில் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை என்பதால், தென்னிந்தியத் தவளைகளுக்கான கையேட்டை எடுத்துக்கொண்டு சிங்கராஜாவுக்குச் செல்பவருக்கு அது பாதி தூரம்கூடத் துணைவராது. ஒரு தவளையை எந்தப் பேரினத்தில் (நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதியில்) சேர்ப்பது என்று தொடக்கநிலையினர் தாமே முடிவுசெய்ய உதவும் வகையில், நான் கடைப்பிடித்து வரும் வரிசையை இங்கே எழுதுகிறேன்.

பார்வையாளர்கள் சிங்கராஜக் காட்டுக்குள் பகலில் மட்டுமே, வழிகாட்டியுடன் செல்லலாம். இரவு நேரத்தில் பார்ப்பதற்குக் குடவைப் பக்கமோ தெனியாயப் பக்கமோ காட்டை ஒட்டியுள்ள வீட்டுத்தோட்டங்கள், ஓடைக்கரைகள், தேயிலைத் தோட்ட விளிம்புகள் போதுமானவை. மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், மாலை மழை ஓய்ந்த ஒரு மணி நேரத்துக்குள் நடக்கத் தொடங்குங்கள்.

கருவிகளில் நெற்றியில் கட்டும் விளக்கையே நான் பரிந்துரைப்பேன். கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு கைப்பேசியில் படமெடுப்பது ஈரமான சரிவில் ஆபத்தானது. மேலும் நெற்றி விளக்கின் ஒளி நம் பார்வையின் திசையிலேயே விழுவதால் இலைமேல் அமர்ந்திருக்கும் சிறு தவளைகள் எளிதில் கண்ணில் படும். கைப்பேசியில் ஒலிப்பதிவுச் செயலி ஒன்று இருக்கட்டும். விலை உயர்ந்த கேமரா இப்போதைக்குத் தேவையில்லை. இரத்தம் உறிஞ்சும் அட்டைகள் ஏறாமல் தடுக்கும் காலுறை கட்டாயம் தேவை.

முதற்படி, அது தேரையா என்று பார்ப்பது. கண்ணுக்குப் பின்னால் இருபுறமும் தடித்த நச்சுச் சுரப்பி புடைத்திருந்து, தோல் வறண்டு மருக்களுடன் இருந்தால் அது தேரை. தலைமேட்டு விளிம்புகளும் மருக்களின் நுனிகளும் கறுத்திருந்தால், நம் ஊர்களிலும் காணும் டட்டாஃபிரினஸ் மெலனோஸ்டிக்டஸ்தான் அது என்று ஏறக்குறைய உறுதியாகக் கூறலாம். மெலிந்த உடலும் நீண்ட கால்களும் கொண்ட சிறு தேரை ஒன்று ஓடையோரச் செடியில் ஏறி அமர்ந்திருந்தால், இலங்கைக்கே உரிய அடெனோமஸ் பேரினத்தை நினையுங்கள். இப்பேரினத்தைச் சேர்ந்த அடெனோமஸ் கண்டியானஸ் 1872இல் விவரிக்கப்பட்டது. பின்னர் அழிந்துபோனதாகக் கருதப்பட்டு, 2009இல் சிவனொளிபாதமலைக் காட்டில் மீண்டும் காணப்பட்டது. ஆகவே ஓடையோரத் தேரை எதையும் 'சாதாரணத் தேரை' என்று தள்ளிவிடாமல் படமெடுத்து வையுங்கள்.

இரண்டாம் படி விரல்நுனி. பெரும்பாலோர் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

விரல்நுனியில் வட்டமான தட்டு இருந்தால் மரத்தவளை என்று எல்லோரும் படித்திருப்போம். சிங்கராஜாவில் இந்த ஒரு விதியை மட்டும் நம்பினால் முடிவு தவறிவிடும். ஓடையோரங்களில் மிகுதியாகக் காணப்படும் பொன்முதுகுத் தவளைகளான இண்டோசில்விரானாவுக்கும் சிறிய நுனித்தட்டுகள் உண்டு. மரப்பொந்துகளில் வாழும் குறுவாய்த் தவளையான யூபெரோடான் அப்ஸ்குரஸுக்கும் விரல்நுனி விரிந்தே இருக்கும். எனவே தட்டைக் கண்டவுடன் நிற்காமல் முதுகைப் பாருங்கள். கண்ணுக்குப் பின்னிருந்து இடுப்பு வரை இருபுறமும் தோல் மடிப்பு ஒரு கோடுபோல ஓடினால், செவிப்பறையை (கண்ணுக்குப் பின்னால் தெரியும் வட்டச் சவ்வை) சுற்றிக் கருமை படர்ந்திருந்தால், அது இண்டோசில்விரானா. மடிப்பு இல்லாமல், உடல் பருத்து, தலை சிறுத்து, வாய் குறுகியிருந்தால் யூபெரோடான். மடிப்பும் இல்லை, தலை அகன்று கண்கள் பெரிதாக இருக்கின்றன என்றால்தான் அது மரத்தவளைக் குடும்பம். இக்குடும்பத்தவைக்கு விரலின் கடைசி இரு எலும்புகளுக்கிடையே கூடுதலாக ஒரு குருத்தெலும்பு இருப்பதால், இலையைப் பற்றும்போது விரல்நுனி தனியே வளைந்து ஒட்டிக்கொள்வதைப் பக்கவாட்டுப் படத்தில் காணலாம்.

மரத்தவளைக் குடும்பத்துக்குள் மூன்று பிரிவுகளை அறிந்தால் போதும். முதுகில் உடுக்கை வடிவக் கறை கொண்ட பெரிய தவளை பாலிபெடேட்டஸ் குருசிகர். நீர்த்தொட்டிகளுக்கு மேலே நுரைக்கூடு கட்டுவது இதுவே. மூக்கு கூர்ந்து, குதிகாலில் முள் போன்ற நீட்சி இருந்தால் தருகா. எஞ்சியவை சூடோபிலாட்டஸ் என்னும் புதர்த்தவளைகள்; பெரும்பாலும் 2 முதல் 5 சென்டிமீட்டர் வரையே வளர்பவை. இவற்றின் முட்டையிலிருந்து தலைப்பிரட்டை வருவதில்லை, முழு உருப்பெற்ற குட்டித் தவளையே நேராக வெளிவரும். இனப்பெருக்கத்துக்குக் குளமோ ஓடையோ தேவைப்படாததால் அவை காட்டுத் தரையெங்கும் பரவியிருக்கின்றன. தரையின் ஈரம் குறைந்தால் முதலில் பாதிக்கப்படுபவையும் அவையே.

இலங்கையில் 70க்கும் மேற்பட்ட புதர்த்தவளை இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. ஒரே இனத்திலேயே ஒன்று பழுப்பாகவும் மற்றொன்று முதுகில் வெள்ளைக் கோட்டுடனும் இருக்கும் என்பதால், நிறத்தை வைத்து இனப்பெயர் சொல்லாதீர்கள். 'சூடோபிலாட்டஸ், இனம் உறுதியில்லை' என்று எழுதுவது முழுமையான, நேர்மையான விடை. படத்தைப் பார்த்து உயிரினப் பெயர் சொல்லும் ஐநேச்சுரலிஸ்ட் செயலி தானாகப் பரிந்துரைக்கும் பெயரைப் பேரின அளவில் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். இனப்பெயர் வரை செல்ல விரும்பினால் விலாப்பகுதி, தொடையின் மறைவான பக்கம், செவிப்பறை ஆகிய மூன்றும் படத்தில் வர வேண்டும். மரப்பாசி போன்ற தோலுடைய சூடோபிலாட்டஸ் கேவிரோஸ்ட்ரிஸ் போன்ற சிலவற்றை மட்டுமே முதல் பார்வையில் ஊகிக்க முடியும்.

விரல்நுனியில் தட்டு இல்லாதவற்றுக்கு அது இருக்கும் இடமே பாதி விடையைத் தந்துவிடும். நீர் கசியும் பாறை முகத்தில் தட்டையாக ஒட்டியிருப்பது நன்னோஃப்ரிஸ். அதன் தலைப்பிரட்டைகளும் அதே ஈரப்பாறையில் ஊர்ந்து திரியும். மெல்ல ஓடும் சேற்று ஓடையில், முதுகெங்கும் குறுக்கு மடிப்புகளுடன் கிடப்பது லங்கானெக்டஸ் கொருகாட்டஸ்; அது நீருக்கடியிலிருந்தே குரல் கொடுப்பதால் குரல் வரும் திசையில் செடிகளைத் தேடிப் பயனில்லை.

பின்சேர்க்கை: இறக்குவானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து எழுதிய வாசகர்கள் பலர், மேலிருந்து எடுத்த படங்களையே அனுப்பியிருந்தனர். அப்படத்தில் செவிப்பறையும் விரல்நுனியும் மறைந்துவிடுகின்றன. தவளையின் கண்மட்டத்துக்குக் குனிந்து பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று, முன்காலை நெருங்கி ஒன்று என்று எடுங்கள். அளவு தெரியப் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைப்பதைவிட, அது அமர்ந்திருந்த இலையைப் பின்னர் அளந்துகொள்வது நல்லது, தவளை கலையாது.

பிடித்துப் பார்க்கலாமா என்றும் கேட்டிருந்தார்கள். கூடாது. உரிய அனுமதியின்றிப் பிடிப்பது சட்டத்துக்குப் புறம்பானது. அத்துடன் நம் கையில் இருக்கும் கொசு விரட்டிக் களிம்பும் உப்பும், தோல் வழியாகவே நீரை உறிஞ்சும் உயிருக்குப் பெருந்தீங்கு செய்யும். ஓர் ஓடையிலிருந்து மற்றோர் ஓடைக்குச் செல்லும்முன் காலணிச் சேற்றைத் தேய்த்துக் கழுவி, நன்கு உலர்த்திவிடுங்கள். உலகெங்கும் தவளைகளைக் கொன்றுவரும் தோல் பூஞ்சை ஈரச் சேற்றுடன் பயணம் செய்யக்கூடியது.