சுவத்துல ஹன்ட்ஸ்மேன் சிலந்தியா? கொல்லாம வெளிய அனுப்புறது எப்படி

ராத்திரி கிச்சன் லைட்ட போட்டதும் சுவத்துல உள்ளங்கை சைஸுக்கு பிரவுன் கலர்ல தட்டையா ஒட்டிக்கிட்டு நிக்குமே, அது டாரண்டுலாங்கிற முடி அடர்ந்த பெரிய சிலந்தி இல்லங்க, ஹன்ட்ஸ்மேன். டாரண்டுலாவ சிங்கப்பூர்ல வீட்ல வளக்கவே அனுமதி கிடையாது, அதனால பக்கத்து வீட்ல இருந்து தப்பிச்சு வந்துச்சோன்னு பயப்பட வேணாம். இது வலை பின்னாது, ஓடிப்போய் கரப்பான பிடிச்சு தின்னும். என்னக் கேட்டா அப்படியே விட்ருங்கம்பேன். வீட்ல அம்மா கத்துறாங்கன்னா மட்டும் மேல படிங்க.

முதல்ல ஃபேன ஆஃப் பண்ணுங்க, பெட்ரூம் கதவ சாத்துங்க. இதோட கால்ல இருக்கிற மெல்லிசான முடி சின்ன காத்தசைவக் கூட கண்டுபிடிச்சிரும், அதனால வாயால ஊதாதீங்க. ஸ்ப்ரே வேணவே வேணாம், அடிச்ச உடனே தெறிச்சு ஓடி அலமாரிக்குப் பின்னாடி போய்ரும், அப்புறம் உங்க தூக்கம் போச்சு.

டப்பா: தாபாவ் (பார்சல் சாப்பாடு) வாங்குன வட்டமான பிளாஸ்டிக் டப்பா, வாய் அகலமா, உள்ள தெரியுற மாதிரி. கண்ணாடி கிளாஸ் கனமா இருக்கும், வாயும் பத்தாது. அட்டைக்கு பழைய காலண்டர் அட்டை பெஸ்ட், அங்பாவ் கவர் (பணம் வச்சுக் குடுக்குற சிவப்புக் கவர்) வளைஞ்சிரும்.

டப்பாவ முன்னாடி இருந்து மெதுவா கொண்டுபோய் கடைசில டக்குனு மூடுங்க. இப்பதான் முக்கியமான இடம், அவசரப்படாதீங்க. மூடுன உடனே அது விளிம்ப சுத்தி சுத்தி ஓடும், எட்டு காலும் சுவத்துலதான் இருக்கும், அந்த நேரத்துல அட்டைய செருகுனா கால் மாட்டி ஒடிஞ்சிரும். குட்டியா இருந்தா அடுத்த தடவ தோல் உரிக்கும்போது கால் முளைக்கும், வளந்தது திரும்ப தோல் உரிக்காது, போன கால் போனதுதான். அதனால டப்பாவ அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, அதுவா ஏறி டப்பாவோட அடிப்பக்கம் போய் உக்காருற வரைக்கும் சும்மா நில்லுங்க. அப்புறம் அட்டைய சுவத்தோட ஒட்டி, கொஞ்சம் கொஞ்சமா தள்ளுங்க.

கீழ கொண்டுபோய் மரத்தடில டப்பாவ சாச்சு வைங்க, வாய் உங்களப் பாக்காம இருக்கட்டும். காரிடார்ல இருந்து உதறாதீங்க, கீழ் வீட்டு மூங்கில் கழில துணி காயுது!

அப்டேட்: வயித்துக்கு அடில வெள்ளையா தட்டையா காசு மாதிரி ஒன்ன பிடிச்சிருந்தா அது முட்டைப் பை, நூத்துக்கு மேல குட்டி இருக்கும். அத பிடுங்கப் பாக்காதீங்க, விடாது, கோவத்துல கடிக்கும். உயிருக்கு ஆபத்து இல்ல, ஆனா வலிக்கும். அத அப்படியே பையோட பிடிங்க.

இன்னொன்னு, சீலிங்ல இருந்தா நாற்காலி மேல ஏறாதீங்க. தொடப்பத்தால பின்னங்கால்கிட்ட லேசா தொட்டா முன்னாடி நகரும், அப்படியே சுவத்துக்கு இறக்கிக் கொண்டு வாங்க.