இஸ்லாமிய வரலாற்றின் திருப்புமுனைகளை நாகப்பட்டினக் கரையிலிருந்து படிக்கும் முறை

கூத்தாநல்லூரிலோ முத்துப்பேட்டையிலோ இருந்து இஸ்லாமிய வரலாற்றைப் படிக்கத் தொடங்கும் மாணவர், நபிகளுக்குப் பின் முஸ்லிம்களின் தலைவர்களாக இருந்த கலீஃபாக்களின் பெயர்களை மனப்பாடம் செய்வதற்கு முன், ஒரு நீளமான தாளின் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் மதீனா, டமாஸ்கஸ், பாக்தாத், கெய்ரோ ஆகிய நகரங்களின் நிகழ்வுகளையும் வலப்பக்கம் காவிரிப் படுகையின் நிகழ்வுகளையும் ஆண்டுவாரியாக எழுத வேண்டும்.

நபிகள் மதீனாவுக்குப் புலம்பெயர்ந்ததிலிருந்து எண்ணப்படும் இஸ்லாமிய ஆண்டான ஹிஜ்ரி சந்திரனைச் சார்ந்தது. சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவானது. ஆகவே அதனுடன் 622-ஐ மட்டும் கூட்டினால் கணக்குப் பிழைக்கும். ஹிஜ்ரி எண்ணை 33-ஆல் வகுத்து, வந்ததை அந்த எண்ணிலிருந்து கழித்த பிறகே 622-ஐக் கூட்ட வேண்டும்; ஹிஜ்ரி 656 அவ்வாறே கி.பி. 1258 ஆகிறது. பழைய பள்ளிவாசல்களின் கல்வெட்டுகளைப் படிப்பதற்கும் இக்கணக்கு உதவும்.

முதலில் 622-இல் நபிகள் நாயகம் மதீனாவுக்குப் புலம்பெயர்ந்ததையும், 661-இல் உமையா மரபுக் கலீஃபாக்களின் ஆட்சி டமாஸ்கஸில் தொடங்கியதையும், 750-இல் அது அப்பாஸிய மரபினர் கைக்கு மாறியதையும், 762-இல் பாக்தாத் நிறுவப்பட்டதையும் குறியுங்கள்.

அடுத்து வரும் 969-ஐப் பாடநூல்கள் ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றன. நம் கரையிலிருந்து படிப்பவர் நிதானமாக நிற்க வேண்டிய ஆண்டு இதுவே என்பது என் உறுதியான கருத்து. வட ஆப்பிரிக்காவை ஆண்ட ஷியா மரபினரான ஃபாத்திமியர் எகிப்தை வென்று கெய்ரோவை நிறுவியபின், இந்தியப் பெருங்கடல் வணிகத்தின் பெரும்பகுதி பாரசீக வளைகுடாவை விட்டுச் செங்கடல் வழியாக மெல்லத் திரும்பியது. வலப்பக்கத்தில் 985-இல் முதலாம் இராசராசன் அரியணை ஏறியதையும், நாகப்பட்டினத்துப் பௌத்த மடமான சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊர் வழங்கப்பட்டதையும், 1025-இல் இராசேந்திரனின் கடாரப் (இன்றைய மலேசியாவின் கெடா) படையெடுப்பையும் எழுதிப் பாருங்கள். எகிப்து, சோழநாடு, சீனம் ஆகிய மூன்றும் ஒரே காலத்தில் கடல் வணிகத்தை நாடியது கண்கூடாகத் தெரியும்.

மங்கோலியத் தலைவன் ஹுலாகு பாக்தாதை அழித்த 1258-ஐ நாகரிகத்தின் முடிவு என்று எழுதிவிடாதீர்கள். 1260-இல் எகிப்தை ஆண்ட மம்லூக்குகள் பாலஸ்தீனத்தின் ஐன் ஜாலூத்தில் மங்கோலியரைத் தடுத்தனர். மறு ஆண்டே அப்பாஸியக் கலீஃபா பெயரளவில் கெய்ரோவில் அமர்த்தப்பட்டார். 1295-இல் ஈரானை ஆண்ட மங்கோலிய அரசர் கஸானே இஸ்லாத்தைத் தழுவினார். எது நின்றது, எது இடம் மாறியது என்று ஒவ்வோர் ஆண்டிலும் தனித்தனியே கேளுங்கள்.

துருக்கிய உஸ்மானியர் கான்ஸ்டான்டினோபிளை வென்ற 1453, ஈரானில் ஸஃபவியர் எழுந்த 1501, முகலாயர் எழுந்த 1526 ஆகியவற்றுக்கு ஒவ்வொரு வரி போதும். வாஸ்கோ ட காமா வந்த 1498-க்கு எதிரே, 16ஆம் நூற்றாண்டில் நாகப்பட்டினத்தில் போர்த்துகீசியர் நிலைபெற்றதையும், அதே நூற்றாண்டில் நாகூரில் ஷாகுல் ஹமீது ஆண்டகை வாழ்ந்ததையும், 1658-இல் துறைமுகம் டச்சுக்காரர் வசமானதையும் எழுதுங்கள். துருக்கி கலீஃபா பதவியை நீக்கிய 1924-க்கு எதிரே, அப்பதவியைக் காக்க 1919 முதல் இந்தியாவில் நடந்த கிலாஃபத் இயக்கம் இடம்பெற வேண்டும்.