பண்டிகைப் பந்தியில் பிள்ளை சாப்பிட மறுத்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளி, பொங்கல் பந்தியில் ஒரு பிள்ளை இலையைத் தள்ளிவிட்டால் போதும், சித்தி, பெரியப்பா, ஆச்சி என்று ஆளுக்கொரு பக்கம் கெஞ்சவும் அதட்டவும் தொடங்கிவிடுவார்கள். ஆனால் தவறு பெரும்பாலும் காலையிலேயே நடந்து முடிந்திருக்கும்.

விடியற்காலை எண்ணெய்க் குளியல் ஆனதும் கையில் அதிரசம், பத்து மணிக்கு முறுக்கு, நடுவில் ஒரு டம்ளர் ஜூஸ். பந்தி போடும்போது மணி இரண்டு. தினமும் பன்னிரண்டரைக்குச் சாப்பிடுகிற நாலு வயதுப் பிள்ளைக்கு அப்போது பசியே இருக்காது, இல்லாவிட்டால் பசி முற்றித் தூக்கமும் சேர்ந்து அழுகையாகியிருக்கும். பண்டிகையானாலும் அதன் வழக்கமான நேரத்துக்குப் பருப்புச் சோறு கொடுத்துவிடுங்கள். பந்தியில் சின்ன இலை போட்டு மற்றவர்களோடு சும்மா உட்காரட்டும். பலகாரத்தை ஒளித்து வைக்க வேண்டாம், சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பு நிறுத்தினால் போதும். அந்த இடைவெளியில் தாகத்துக்குத் தண்ணீர் மட்டும்.

அடுத்த தவறு எல்லோரும் நல்லெண்ணத்தோடு செய்வது. “அவரைக்காய் ரெண்டு வாய் சாப்பிடு, ஜாமூன் தர்றேன்.” அன்றைக்கு அந்த இரண்டு வாய் உள்ளே போய்விடும். ஆனால் அவரைக்காய் ஒரு தண்டனை, ஜாமூன்தான் பரிசு என்பது பிள்ளையின் மனத்தில் பதிந்துவிடும். அமெரிக்க உளவியலாளர் லீயான் பர்ச் குழுவினர் 1984-ல் வெளியிட்ட ஆய்வில், புளித்த பால் பானம் ஒன்றைக் குடிப்பதற்காகப் பரிசோ பாராட்டோ பெற்ற பிள்ளைகளுக்கு அந்தப் பானத்தின் மீதான விருப்பம் குறைந்தது. பரிசு இல்லாமல் குடித்தவர்களுக்குக் குறையவில்லை. ஆகவே இனிப்பை மற்ற பதார்த்தங்களோடு இலையில் ஒரு சின்னத் துண்டாக முதலிலேயே வைத்துவிடுங்கள். நம் பந்தி வழக்கமே அதுதானே.

அமெரிக்க உணவியல் வல்லுநர் எலின் சாட்டர் 1980-களில் சொன்ன வேலைப் பங்கீடு இங்கே பெரிதும் உதவும். என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெரியவர் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. கூட்டுக் குடும்பத்தில் இதைக் காப்பாற்றுவது கடினம், ஏனென்றால் தாய் விட்டாலும் தாத்தா விடமாட்டார். பண்டிகைக்கு முன்பே பெரியவர்களிடம் பேசி வைப்பது நல்லது: “மாமா, இலையில வச்சா போதும், சாப்பிடுன்னு சொல்ல வேண்டாம்.” அழுகிற பிள்ளையின் வாயில் சோற்றைத் திணிப்பது ஆபத்தும்கூட. விம்மும்போது உணவு மூச்சுக்குழாய்க்குள் போகலாம். சர்க்கரைப் பொங்கலில் வரும் முழு முந்திரியை ஐந்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பொடித்துத்தான் போட வேண்டும்.

நிறைய வைப்பதும் தவறு. வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்று தொடங்குங்கள், மூன்று வயதுக்கு மூன்று மேசைக்கரண்டி சோறு. புதுப் பதார்த்தம் கால் தேக்கரண்டி போதும். தெரியாத உணவைக் கண்டு ஒதுங்குவது இரண்டிலிருந்து ஆறு வயதுவரை இயல்பு. ஓர் உணவு பழக எட்டு முதல் பதினைந்து தடவைகூட ஆகலாம், தொட்டுப் பார்ப்பதும் முகர்வதும் அதில் சேர்த்திதான். எனவே புதுசு ஒன்று வைத்தால், பக்கத்தில் பிள்ளைக்குப் பழகிய உணவு இரண்டு வகையாவது இருக்கட்டும்: வெறுஞ்சோறு, அப்பளம், தயிர், வாழைப்பழம். சாம்பார் ஓடி வந்து அப்பளத்தை நனைத்ததற்காகவே சாப்பாட்டை விட்டு எழுந்துவிடும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்குக் குழம்பைக் கிண்ணத்தில் கொடுங்கள்.

காரம் தனிப் பிரச்சினை, அதை அடுப்படியிலேயே தீர்க்கலாம். சாம்பாருக்குக் காயும் பருப்பும் வெந்ததும், பொடியும் புளியும் சேர்க்குமுன் இரண்டு கரண்டி எடுத்து வைத்து, உப்பும் நெய்யும் கலந்தால் பிள்ளைக்கான குழம்பு தயார். ஆட்டுக்கறியை மஞ்சள், இஞ்சி பூண்டு, உப்புப் போட்டு வேகவைத்து, மசாலா சேருமுன் நாலு துண்டு எடுத்து வையுங்கள். கூட்டுக்குத் தேங்காய், சீரகம் மட்டும் அரைத்து, பச்சைமிளகாயைக் கீறி முழுதாகப் போட்டால் பரிமாறும்போது பொறுக்கி எடுத்துவிடலாம். காரம் பட்டு அழுதால் தண்ணீர் பயன்படாது, காரச் சத்து அதில் கரையாது. ஒரு கரண்டி தயிர் கொடுங்கள்.

எல்லாவற்றிலும் மோசமானது, பிள்ளைக்கோ பெரியவருக்கோ, தெரியாமல் கலந்து கொடுப்பது. சைவம் சாப்பிடும் மருமகளுக்கு எலும்பு வேகவைத்த தண்ணீரில் ரசம் வைத்துவிட்டுச் சொல்லாமல் இருப்பது நம்பிக்கைத் துரோகம். ஒவ்வாமை இருந்தால் அது உயிர் விஷயம். “கொஞ்சூண்டுதானே” என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. நிலக்கடலை ஒத்துக்கொள்ளாதவருக்கு மரச்செக்குக் கடலை எண்ணெயில் பொரித்த முறுக்கும் ஆகாது, செக்கில் ஆட்டிய எண்ணெயில் கடலையின் புரதம் தங்கியிருக்கும். குருமாவில் அரைத்த முந்திரி கண்ணுக்குத் தெரியாது. பால் ஒவ்வாமைக்கு நெய்யும் பாதுகாப்பல்ல. விருந்துக்கு ஒரு வாரம் முன்பே போன் செய்து, எது ஒத்துக்கொள்ளாது, எது சாப்பிடுவதில்லை, எதை மருத்துவர் விலக்கச் சொன்னார் என்று மூன்றையும் கேளுங்கள். ஒவ்வாமை உள்ளவருக்கான பதார்த்தத்துக்குத் தனிக் கரண்டி, தனி வாணலி வையுங்கள், முதல் எண்ணெயில் அதைப் பொரித்துவிடுங்கள். சர்க்கரை நோயுள்ள தாத்தாவின் இலையைப் பார்த்து, “அவருக்குப் பாயசம் வேண்டாம்” என்று பந்தி நடுவே உரக்கச் சொல்லாதீர்கள். பரிமாறுபவரிடம் முன்பே காதோடு சொன்னால் போதும்.

“இவன் இப்படித்தான், எதையும் தொடமாட்டான்” என்று பிள்ளை காதுபடச் சொல்வதையும் நிறுத்த வேண்டும். கேட்டுக் கேட்டு அதுவும் அப்படியே நம்பிவிடும்.

எல்லா மறுப்பும் அடம் அல்ல. எடை குறைகிறது, சாப்பிடும் வகைகள் இருபதுக்கும் கீழே சுருங்கிவிட்டன, விழுங்கும்போது இருமுகிறது, ஓங்கரிக்கிறது என்றால் பண்டிகை முடிந்ததும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். இரும்புச்சத்துக் குறைவும் பசியை மந்தமாக்கும். நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் பால் குடிக்கும் பிள்ளைகளிடம் அந்தக் குறைவு சாதாரணம். கடுமையான உணவு மறுப்பை ஏ.ஆர்.எஃப்.ஐ.டி. (உணவைத் தவிர்க்கும், வகைகளைக் குறுக்கிக்கொள்ளும் கோளாறு) என்ற பெயரில் ஒரு தனிக் கோளாறாகவே 2013-ல் மனநல மருத்துவம் வகைப்படுத்தியது. அதற்குச் சிகிச்சை உண்டு.