டொமைன் வாங்கி விக்கப் போறீங்களா, முதல்ல இதெல்லாம் செக் பண்ணுங்க

டொமைன்ல, அதாவது வெப்சைட் அட்ரஸ் பேர்ல, காசு போட நினைக்கிற நிறைய பேர் பேரு சூப்பரா இருக்கேன்னு உடனே வாங்கிடறாங்க. நமக்குப் பிடிச்சா போதாது, இதை எந்த பிசினஸ்காரர் வாங்குவார்னு யோசிங்க, இந்தப் பேருக்குப் பொருத்தமா ஒரு பத்து கம்பெனியாவது சொல்ல முடியலைன்னா விட்டுடுங்க.

எக்ஸ்டென்ஷன்ல (பேரோட கடைசியில புள்ளிக்கு அப்புறம் வர்ற பகுதி) புதுசா வர்றவங்களுக்கு டாட் காம்தான், இந்தியாவுக்குள்ள மட்டும் நடக்கிற தொழில்னா டாட் இன் ஓகே. மத்ததுல பாதி முதல் வருஷம் சல்லிசா குடுத்துட்டு ரென்யூவல்ல தீட்டிடுவாங்க, அந்த ரேட்டைப் பார்த்துட்டு கார்டை எடுங்க. டாட் ஏஐ-க்கு மவுசு இருக்கு, ஆனா குறைஞ்சது 2 வருஷத்துக்கு சேர்த்துதான் கட்டணும்.

அப்புறம் பேரை போன்ல ஒருத்தர்கிட்ட சொல்லி டைப் பண்ணச் சொல்லுங்க. தமிழ்ப் பேர்ல ழ வந்துட்டா ஒருத்தர் இசட்-எச் போடுவார், இன்னொருத்தர் எல் போடுவார், வர்ற ஆள் வேற சைட்டுக்குப் போயிடுவார்.

விலைக்கு, டொமைன் மதிப்பை தானா கணக்குப் போட்டுச் சொல்ற அப்ரைசல் டூல் காட்டுற தொகையை நம்பவே நம்பாதீங்க. நேம்பயோ சைட்ல போய் அதே மாதிரி பேர் நிஜமா எவ்வளவுக்கு வித்திருக்குன்னு பாருங்க, கேக்குற விலை வேற, வித்த விலை வேற. 2019-ல வாய்ஸ் டாட் காம் 3 கோடி டாலருக்குப் போச்சு உண்மைதான், ஆனா அது ஒத்தை வார்த்தை டாட் காம், வாங்கின கம்பெனி அதே பேர்ல ஒரு சோஷியல் மீடியா ஆரம்பிக்கப் போனாங்க, நாம மூணு வார்த்தையை ஒட்டி வச்சுட்டு அதோட கம்பேர் பண்ணக்கூடாது.

கீவேர்டை, அதாவது ஜனங்க தேடுற வார்த்தையை, அப்படியே டொமைனா வச்சா கூகுள்ல மேல வரும்ங்கிற கதை 2012 செப்டம்பர்ல கூகுள் விட்ட அப்டேட்டோட போச்சு. இப்போ கூகுளோட விளம்பர டூலான கீவேர்ட் பிளானர்ல சர்ச் எண்ணிக்கையை விட விளம்பரக்காரங்க ஒரு கிளிக்குக்கு எவ்வளவு குடுக்கத் தயாரா இருக்காங்கன்னு பாருங்க, அங்கதான் பேரை வாங்க வசதி உள்ள ஆளுங்க இருப்பாங்க.

பழைய ஓனர் ரென்யூ பண்ணாம விட்டு எக்ஸ்பயர் ஆன டொமைன்ல இன்னும் உஷார் வேணும். சைட்டுங்களோட பழைய பக்கங்களைச் சேமிச்சு வைக்கிற வேபேக் மெஷின்ல வருஷம் வருஷமா ஓப்பன் பண்ணிப் பாருங்க. கொஞ்ச வருஷம் ஒழுங்கா ஹோட்டல் சைட்டா இருந்திருக்கும், மெனு, போட்டோ எல்லாம் இருக்கும், அடுத்த வருஷத்தை கிளிக் பண்ணா ஜப்பானிய எழுத்துல ஹேண்ட்பேக் விக்கிற பக்கம், அதுக்கடுத்து கேசினோ லிங்க். அப்படின்னா பேக்லிங்க் (மத்த சைட்டுங்கள்ல இருந்து வர்ற லிங்க்) எத்தனை ஆயிரம் காட்டினாலும் தொடாதீங்க. பழைய டொமைனோட மதிப்பை வச்சு உப்புச்சப்பில்லாத கன்டென்ட்டை ரேங்க் பண்றதையே 2024 மார்ச்ல கூகுள் ஸ்பேம் லிஸ்ட்ல சேர்த்துடுச்சு.

பிராண்ட் பேர் கலந்த டொமைன் வேண்டவே வேண்டாம், பிராண்ட்காரங்க யூடிஆர்பி-ங்கிற டொமைன் தகராறு விதிப்படி கேஸ் போட்டு ஜெயிச்சாங்கன்னா உங்களுக்கு நஷ்டஈடு எதுவும் இல்லாம டொமைன் கையை விட்டுப் போயிடும், டாட் இன்-னுக்கும் அதே மாதிரி ஐஎன்டிஆர்பி இருக்கு.

விக்கிறப்போ தெரியாத ஆள்னா எஸ்க்ரோ (டீல் முடியுற வரைக்கும் பணத்தை நடுவுல வச்சிருக்கிற சர்வீஸ்) வழியா மட்டும் பண்ணுங்க, பணம் எஸ்க்ரோவுக்கு வந்து சேர்ந்துடுச்சுன்னு அவங்க சைட்ல லாகின் பண்ணி நீங்களே பார்த்த பிறகுதான் டொமைனை மாத்திக் குடுக்கிற டிரான்ஸ்ஃபர் கோடைக் குடுக்கணும், மெயில்ல வர்ற ஸ்கிரீன்ஷாட்டை நம்பி குடுத்துடாதீங்க.