எண்ணூர்ப் பக்கம் கேமராவோடு போகிறவர்கள் செய்யும் தவறுகள்

விடியற்காலையில் எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போனால் ஒரு படகு, ஒரு புகைபோக்கி, சிவந்த வானம் என்று ஒரு படம் கட்டாயம் கிடைக்கும். அதை எடுத்துக்கொண்டு எட்டு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவதுதான் பெரிய தவறு. இங்கே கடலில் கலக்கும் கொசஸ்தலையாறு என்ன ஆகிக்கொண்டிருக்கிறது என்பது அந்தப் படத்தில் துளிகூடத் தெரியாது.

காட்டுக்குப்பம் கரையில் ஓரிடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். மின்கோபுரமோ கோயில் சுவரோ, நகராத ஒன்று ஓரத்தில் வரட்டும், மாதம் ஒருமுறை அதே இடத்தில் அதே லென்ஸில் எடுங்கள். கடலின் ஏற்றம், வற்றம் பார்க்காமல் போகாதீர்கள். தண்ணீர் ஏறியிருக்கும்போது ஒன்று, வற்றினபோது ஒன்று என்று எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சில மணி நேர வித்தியாசம் பல வருட மாற்றம் போலத் தெரியும், அது பொய்.

அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த இடத்தில் போனின் 'அழகாக்கும்' வசதிகளை அணைத்துவிடுங்கள், புகை மூட்டத்தை அது நீல வானமாக்கிவிடும். அப்புறம், கிட்டப் போங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தபோது அலையாத்திச் செடிகளின் தண்டில் கறுப்பாக ஒரு கோடு படிந்தது. தூரத்திலிருந்து நான் எடுத்ததில் எல்லாம் வெறும் பச்சைதான் இருந்தது.

ஆட்களை எடுப்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. கையால் துழாவி இறால் தடவும் பெண்கள், பிடித்ததைப் போடும் பறிக்கூடையை வாயில் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் சேற்றுக்குள் விட்டிருப்பார்கள். வேண்டாம் என்று சொல்ல வாயும் இல்லை, முகத்தை மறைக்கக் கையும் இல்லை. அந்த நேரம் பார்த்தா எடுப்பது? கரையேறட்டும், "அக்கா, ஒண்ணு எடுத்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். மாட்டேன் என்றால் சரி, விட்டுவிடுங்கள்.

'வடசென்னை மீனவப் பெண்' என்று தலைப்புப் போடாதீர்கள். குப்பத்தின் பெயர், தேதி, அன்றைக்கு என்ன கிடைத்தது, இதை எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் அதிலுள்ள தேதி விவரம் போய்விடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுங்கள். நான் கொடுத்த ஒன்றில் ஓர் அக்கா தன் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, பின்னால் இருந்த தண்ணீரில் விரல் வைத்து, "இங்க கழுத்தாழம் இருந்துச்சு, இப்ப முட்டிதான்" என்றார். அடுத்த வற்றத்தில் அவரே அங்கே இறங்கி நின்றார், முட்டி தெரிகிற மாதிரி எடுத்தேன்.