கொசு ஒழிப்பில் நாம் செய்யும் தவறுகள்

முட்டை, புழு, கூட்டுப்புழு, பறக்கும் கொசு என்று கொசுவின் வாழ்க்கையில் நான்கு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் உடம்பின் அமைப்பு வேறு, மூச்சு விடும் விதம் வேறு, சாப்பாடு வேறு. ஒன்றைக் கொல்லும் வழி இன்னொன்றைத் தொடாமலே போகலாம். வீட்டில் எவ்வளவு மெனக்கெட்டும் கொசு குறையாததற்குப் பல சமயம் இதுதான் காரணம்.

அதிகம் பேர் செய்யும் தவறு, தண்ணீரைக் கொட்டியதோடு நிறுத்திவிடுவது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் தண்ணீரின் மேல் முட்டை இடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, டிரம்மின் ஈரமான உட்சுவரில், ஒவ்வொன்றாக ஒட்டிவைக்கிறது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத கறுப்புப் புள்ளிகள், பார்த்தால் அழுக்கு என்றுதான் தோன்றும். உள்ளே கரு வளர்ந்து முடிந்துவிட்டால், முட்டையின் ஓடு ஈரத்தை எளிதில் வெளியே விடாது. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் உயிர் இருக்கும். கோடை முழுக்க மொட்டைமாடியில் வெயிலில் கிடந்த டயரில், மழை பெய்த சில நாட்களிலேயே புழு நெளிவது இப்படித்தான். ஆகவே தண்ணீரைக் கொட்டிய பிறகு, உட்சுவரை விளிம்பு வரை நார் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டும். ஃப்ரிட்ஜின் பின்தட்டு, பூந்தொட்டியின் அடித்தட்டு, கொல்லையில் கிடக்கும் பழைய ஆட்டுக்கல் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். சாக்கடைக் கொசுவான கியூலெக்ஸுக்கு இந்தத் திறமை கிடையாது. அதன் முட்டைகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு நீர்மேல் மிதக்கும், காய்ந்தால் செத்துவிடும்.

அடுத்தது, தேங்கிய நீரில் எண்ணெய் விட்டால் எல்லாப் புழுவும் சாகும் என்ற நம்பிக்கை. ஏடிஸ், கியூலெக்ஸ் புழுக்கள் வால் பக்கமுள்ள குழாயை நீர்ப்பரப்பில் நீட்டி, தலைகீழாகத் தொங்கியபடி மூச்சு விடும். மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸின் புழுவுக்கு அந்தக் குழாய் இல்லை, நீர்ப்பரப்பை ஒட்டிக் கிடையாகப் படுத்திருக்கும். இவற்றை எண்ணெய்ப் படலம் மூச்சடைக்க வைக்கும். ஆனால் மான்சோனியா என்றொரு கொசு இருக்கிறது. அதன் புழு மேலே வருவதே அரிது. கூரான மூச்சுக்குழாயை ஆகாயத்தாமரை போன்ற நீர்ச்செடிகளின் வேரில் குத்தி, வேருக்குள் இருக்கும் காற்றை எடுத்துக்கொள்கிறது. கேரளத்தின் சேர்த்தலைப் பகுதியில் யானைக்கால் நோயைப் பரப்பியது இந்த வகைதான். இதற்கு எண்ணெய் வீண் செலவு. குளத்திலிருந்து செடியை அகற்றினால்தான் வழி பிறக்கும்.

கூட்டுப்புழுவைக் கணக்கில் எடுக்காமல் விடுவதும் பெரிய தவறு. வண்ணத்துப்பூச்சியின் கூடு போல இது ஓரிடத்தில் சும்மா இருக்காது. காற்புள்ளி மாதிரி வளைந்த உடம்போடு, நிழல் பட்டாலே வாலை அடித்துக்கொண்டு கீழே பாயும். மூச்சுக்குழாய் வாலிலிருந்து முதுகுக்கு, அதுவும் இரண்டாக, இடம் மாறியிருக்கும். முக்கியமான விஷயம், அது எதையும் சாப்பிடாது. பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்து கொசுப்புழுவின் குடலுக்குள் போய்த்தான் வேலை செய்கிறது. வாய் திறக்காத கூட்டுப்புழுவை அது ஒன்றும் செய்யாது. மருந்து போட்ட இரண்டாம் நாள் கொசு கிளம்பினால், மருந்து போலி என்று முடிவுகட்ட வேண்டாம். நம் ஊர் வெயிலில் முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும், கடைசி இரண்டு நாள்தான் கூட்டுப்புழுப் பருவம். வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் கொட்டித் தேய்க்கச் சொல்வது இந்தக் கணக்கில்தான்.

அப்புறம், சின்னக் கொசுவைக் குட்டிக் கொசு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இறக்கை வந்துவிட்டால் கொசு அதற்குமேல் வளராது. புழுவாக இருந்தபோது சரியாகத் தீனி கிடைக்காததுதான் சின்ன உடம்புக்கு முக்கியக் காரணம்.

தொட்டியின் அடியில் நெளியும் சிவப்புப் புழுவைக் கண்டு பயப்படுபவர்களும் உண்டு. அது கடிக்காத ஈ வகை ஒன்றின் புழு. காற்று குறைந்த சேற்றில் வாழ்வதால், ஆக்சிஜனைப் பிடித்துவைக்க உடம்பில் ஹீமோகுளோபின் இருக்கிறது, அந்த நிறம்தான் சிவப்பு. அதற்காகக் குடிதண்ணீரில் மருந்து கலக்க வேண்டாம். அடியில் படிந்த வண்டலைக் கழுவி, தொட்டிக்கு இடைவெளி இல்லாத மூடி போட்டால் போதும். மேல்நிலைத் தொட்டியின் நல்ல தண்ணீரைத் தேடிவரும் அனாஃபிலிஸையும் அந்த மூடி தடுக்கும்.