ஸ்பீடோமீட்டர் காட்டும் வேகமும் வண்டி போகும் வேகமும்: சரிபார்ப்பது எப்படி?

வேக வரம்பை மீறியதாகப் போன வருடம் எனக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. சாலையின் வரம்பு 80 கி.மீ., என் வேகம் 83. என் வண்டியின் ஸ்பீடோமீட்டர் எவ்வளவு கூட்டிக் காட்டும் என்று ஏற்கெனவே அளந்து வைத்திருந்ததால், கேமராவில்தான் கோளாறு என்று உறுதியாக நம்பினேன். கேமரா சரியாகத்தான் இருந்தது. நான் எங்கே தவறினேன் என்று கண்டுபிடிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. அது படி 3-ல் வருகிறது. அவசரத்தில் இருப்பவர்கள் அதை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

படி 1: மீட்டர் ஏன் கூட்டிக் காட்டுகிறது?

பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. வாகன விதிகளில் 39-ஆம் விதி ஸ்பீடோமீட்டருக்கானது. உண்மை வேகத்தைவிட மீட்டர் ஒருபோதும் குறைத்துக் காட்டக் கூடாது என்கிறது அது. கூட்டிக் காட்டலாம்; அதற்கும் ஓர் எல்லை உண்டு. உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கு, அதற்கு மேல் இன்னொரு 4 கி.மீ. அதாவது உண்மையில் 100-ல் போகும் வண்டி 114 என்று காட்டினாலும் விதிப்படி சரிதான். அதனால் தயாரிப்பாளர்கள் கொஞ்சம் கூட்டியே வைக்கிறார்கள். எவ்வளவு என்பது வண்டிக்கு வண்டி மாறும்.

படி 2: ஜிபிஎஸ் வைத்து அளப்பது

கூகுள் மேப்ஸ், வேஸ் என்ற வழிகாட்டும் ஆப்கள் இரண்டிலுமே செட்டிங்ஸில் ஸ்பீடோமீட்டர் உண்டு. அதை ஆன் செய்யுங்கள். போனை ஸ்டாண்டில் மாட்டி, பக்கத்தில் ஒருவரை உட்காரவையுங்கள். எண்களைக் குறிப்பது அவர் வேலை. நீங்கள் சாலையை மட்டும் பாருங்கள்.

ஜிபிஎஸ் வேகம் ஓரிரு விநாடி பின்தங்கித்தான் வரும். வேகம் ஏறும்போதோ இறங்கும்போதோ ஒப்பிட்டால் எல்லாமே தப்பாகும். நேரான, சமதளச் சாலையில், வரம்புக்குள் ஒரே வேகத்தில் பத்து விநாடியாவது பிடித்து, பிறகு குறியுங்கள். குரூஸ் கன்ட்ரோல் இருந்தால் இது சுலபம். சுரங்கப்பாதையிலும் உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும் அளக்காதீர்கள். 40, 60, 80 என்று மூன்று வேகங்கள் போதும். என் வண்டியில் மீட்டர் 80 காட்டியபோது ஜிபிஎஸ் 76 காட்டியது.

வண்டியின் கம்ப்யூட்டரில் செருகித் தகவல் படிக்கும் ஓபிடி கருவி வாங்கலாமா என்று கேட்பீர்கள். இந்த வேலைக்கு வேண்டாம். அதில் வருவதும் சக்கரச் சுழற்சியிலிருந்து கணக்கிட்ட வேகம்தான். சாலையோடு நேரடியாக ஒப்பிட ஜிபிஎஸ்தான் சரி.

படி 3: டயரைப் பாருங்கள்

நான் விட்ட இடம் இதுதான். மீட்டர் சாலையை அளப்பதில்லை, சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணுகிறது, அவ்வளவே. ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்று தொழிற்சாலையில் பதித்த கணக்கை வைத்துத்தான் வேகத்தைச் சொல்கிறது. டயர் பெரிதானால் ஒரு சுற்றில் வண்டி கூடுதல் தூரம் போய்விடும். மீட்டருக்கு அது தெரியாது.

நான் 76 என்று அளந்தபோது இருந்தவை தேய்ந்த டயர்கள். புதிய டயரின் பட்டன் (சாலையைத் தொடும் மேடு) ஆழம் சுமார் 8 மி.மீ. தேய்ந்து 1.6 மி.மீ. ஆகும்போது விட்டம் கிட்டத்தட்ட 13 மி.மீ. குறைந்துவிடும். என் அளவு டயரில் அது 2 சதவீதம். மாற்றும்போது 195/65 ஆர்15-க்குப் பதில் 205/65 ஆர்15 போட்டேன். அதில் இன்னொரு 2 சதவீதம். மொத்தம் 4.

அளந்த தைரியத்தில், வரம்பு 80 என்றால் மீட்டரில் 84 வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். பழைய டயரில் அது உண்மையில் 80. புதிய டயரில் 83. நோட்டீஸில் இருந்த அதே எண்.

உங்கள் டயரின் விட்டத்தை நீங்களே கணக்கிடலாம். 195 என்பது அகலம், 65 என்பது அதில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது, 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 195 × 0.65 × 2 = 253.5, ரிம் 381 மி.மீ.; கூட்டினால் 634.5. புதிய அளவுக்கும் இப்படியே போட்டு ஒப்பிடுங்கள். டயர் மாற்றினால் படி 2-ஐ மறுபடி செய்யுங்கள்.

இதிலிருந்து நான் எடுத்த முடிவு: அளந்து பார்ப்பது மீட்டர் குறைத்துக் காட்டுகிறதா என்று அறிவதற்கு மட்டும். கூட்டிக் காட்டினால் அந்த இடைவெளியை அப்படியே விட்டுவிடுங்கள், அதை நம்பி வேகத்தைக் கூட்டாதீர்கள்.

படி 4: எச்சரிக்கை ஒலி

எனக்குப் பிடித்தது வேஸ். வரம்பைத் தொட்டதும் ஒலிக்கவா, சற்றுத் தாண்டியதும் ஒலிக்கவா என்று அதில் தேர்ந்தெடுக்கலாம். வரம்பிலேயே வையுங்கள். கேமரா இருக்கும் இடத்தைச் சொல்லும் வசதி வேறு விஷயம்: ஜெர்மனி, சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளில் ஓட்டுநர் அதைப் பயன்படுத்துவது சட்டவிரோதம்.

கேமராவைக் கண்டதும் பிரேக் போட்டுவிட்டுப் பிறகு மிதிப்பவர்களுக்கு: சராசரி வேகக் கேமரா இரண்டு இடங்களில் நம்பர் பிளேட்டைப் படித்து, இடையில் ஆன நேரத்தைப் பார்க்கிறது. 10 கி.மீ.யை 80-ல் கடக்க 7 நிமிடம் 30 விநாடி. நான் அகப்பட்ட 83-ல் 7 நிமிடம் 14 விநாடி. 16 விநாடிக்காக அபராதம் கட்டினேன்.

நகருக்குள் இந்த வித்தியாசத்தின் விலை அபராதம் அல்ல. சாலை காய்ந்திருக்கிறது, பிரேக் நன்றாக இருக்கிறது, ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி ஆகிறது என்று வையுங்கள். 50-ல் போகும் வண்டி சுமார் 28 மீட்டரில் நின்றுவிடும். அதே இடத்தில் 60-ல் வந்த வண்டி பிரேக் பிடித்தபடியே இன்னும் 40 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். முதல் வண்டிக்கு முன்னால் தப்பிக்கும் குழந்தையை இரண்டாவது வண்டி 40-ல் மோதும். இந்தக் கணக்கைப் போட்ட அன்றிலிருந்து பள்ளிக்கூடப் பக்கம் என் கால் தானாகவே ஆக்சிலரேட்டரை விட்டு எழும்புகிறது.

பின்சேர்க்கை: ஸ்பீட் லிமிட்டர் (நாம் வைத்த வேகத்தைத் தாண்டவிடாத வசதி) போட்டும் இறக்கத்தில் வேகம் கூடுகிறது என்று ஒரு வாசகர் எழுதினார். உண்மைதான். பல வண்டிகளில் லிமிட்டர் எஞ்சினின் இழுவையைத்தான் குறைக்கும், பிரேக் போடாது. இறக்கத்தில் கியரைக் குறைத்து, தேவைக்குப் பிரேக்கும் தொடுங்கள்.

இரண்டாவது பின்சேர்க்கை: பைக் ஹேண்டில்பாரில் போனை நேரடியாக மாட்டி அளக்காதீர்கள். எஞ்சின் அதிர்வு சில போன்களின் கேமராவைக் கெடுத்துவிடும். அதிர்வு தாங்கும் ஸ்டாண்டு இல்லாவிட்டால், வேகத்தைப் பதிவு செய்யும் ஆப் ஒன்றை ஓடவிட்டுப் போனைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேகத்தையும் அரை நிமிடம் பிடித்தால், வண்டியை நிறுத்திய பிறகு பதிவில் தெளிவாகத் தெரியும்.

மூன்றாவதாக ஒருவர் கேட்டது: மேப்பில் 80, சாலைப் பணி நடக்கும் இடத்துப் பலகையில் 40, எதை நம்புவது? பலகையை. தற்காலிக வரம்புகள் மேப்புக்கு வந்து சேர்வதற்குள் பணியே முடிந்துவிடலாம். அங்கே ஆட்கள் சாலையில் நின்று வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்.